கடிகார ஆசாரிக்குக் காவல்

இந்த சீட்டுல ஆள் வருதா? வரலியா? அப்ப அந்தப் பைய எதுக்கு எடம் போட்ட மாதிரி வச்சிருக்கிய? சரி சரி, மடியில வச்சுக்கிடுங்க. மேல போடாதிய. மேல போட்டா, எவன் எறங்கும்போது எதத் தூக்கிட்டுப் போவான்னு யாரு கண்டா. ஒங்களச் சொல்லல அண்ணாச்சி, பொதுவாச் சொல்லுதேன்.

நாகர்கோயில் வரைக்குமா? நல்லதாப் போச்சு. நான் தோவாளையில எறங்கணும். அங்க என் மச்சினன் வீடு. பொண்டாட்டி அங்கதான் போயி உக்காந்திருக்கா, கூப்பிடப் போறேன். இதுக்கு முந்தியும் போனேன். மச்சினன் திண்ணையில பாயப் போட்டுக் குடுத்தான், காப்பி குடுத்தான், மழையப் பத்திப் பேசுனான். அவ உள்ள இருந்து வரவே இல்ல. காப்பியக் குடிச்சிட்டுத் திரும்பி வந்தேன். கட்டுன பொண்டாட்டி வீட்டுக்குள்ள இருக்கா, நான் வாசல்ல விருந்தாளி. எப்படி இருக்கு பாருங்க.

எல்லாம் ஒரு கடிகாரக்காரனால வந்தது. ஒரு கடிகாரக்காரன் என் குடும்பத்தக் கெடுத்துட்டான் அண்ணாச்சி.

அப்படிப் பாக்காதிய. நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. அப்படி எதும் இருந்திருந்தாலாவது ஊருல நாலு பேரு என் பக்கம் பேசியிருப்பான். இது வேற. இதுக்கு என் பக்கம் பேச ஒரு நாதி இல்ல.

எனக்கு ஊரு மேட்டுவிளை. பேரு வியாகப்பன். எங்க ஊருல அன்னம்மாள் கோயில் இருக்கு, கேள்விப்பட்டிருப்பிய. மாதாவோட அம்மா. புள்ள இல்லாதவுக எங்கெங்க இருந்தோ வருவாக. புள்ளைக்கு மட்டும் இல்ல, கண்ணு, காலு, வயித்துவலி எல்லாத்துக்கும் வருவாக. கண்ணு நோவுன்னா வெள்ளியில ஒரு கண்ணு உருவம் வாங்கி நேர்ச்சைப் பெட்டியில போடணும். காலுன்னா காலு. புள்ளை வேணும்னா தொட்டில். எல்லாம் விரல் நீளத்துக்குத் தகட்டுல வெட்டுனதுதான். கோயில் வாசல்ல அந்த உருவம் விக்கிற கடை நம்ம கடை. மெழுகுதிரி, செபமாலை, உருவம். மாமனார் வச்சிருந்த கடை. எங்க கல்யாணம் முடிஞ்ச வருசமே அவரு காலமாயிட்டாரு, அதுலேந்து நான் பாக்கேன்.

அந்தப் பெட்டியில வருசக்கணக்கா சேந்த உருவம் ஒரு பெரிய மரப்பெட்டி நெறையக் கெடந்துச்சு. எங்க பங்குச் சாமியாருக்கு ஒரு யோசனை வந்துச்சு. அதையெல்லாம் உருக்கி, இந்த வருசத் திருவிழாவுக்கு அன்னம்மாளுக்கு வெள்ளியில கிரீடம் செய்யணும். அப்படியே கோபுரத்துல நின்னு போன கடிகாரத்தையும் ஓட வைக்கணும். வெள்ளைக்காரச் சாமியாரு காலத்துக் கடிகாரம். அது ஓடி நான் பாத்ததே இல்ல.

ரெண்டுக்கும் சேத்து ஒரே ஆளக் கூட்டியாந்தாரு. கோட்டாத்து ஆவுடையப்ப ஆசாரி.

நீங்களே சொல்லுங்க. வெள்ளி வேலை செய்யுறவன் வெள்ளி வேலை செய்யணும். கடிகாரம் பாக்குறவன் கடிகாரம் பாக்கணும். ரெண்டையும் ஒருத்தன் செய்யான்னா எனக்கு அங்கேயே இடிச்சுது. கேட்டேன். "எப்படி வேய் ரெண்டு வேலை?"ன்னு மொகத்துக்கு நேராவே கேட்டேன். அந்தாளு வெத்தலைய ஒரு பக்கம் ஒதுக்கிட்டு, "ரெண்டுக்கும் அரம் ஒண்ணுதான். அங்க பல்லு வெட்டணும், இங்க பூ வெட்டணும்"னான். எப்படி வாயடைக்கான் பாத்தியளா? கேள்விக்கு நேராப் பதில் சொல்லாதவன நம்பப்படாது.

கோயில் வெள்ளிய ஆசாரிட்ட குடுத்தா, கோயில் ஆளு ஒருத்தன் கூடவே உக்காந்து இருக்கணும். அது பழக்கம். பெட்டியத் தொறக்கும்போது இருக்கணும், உருக்கும்போது இருக்கணும், சாயங்காலம் பெட்டியப் பூட்டும்போது இருக்கணும். வேலை செஞ்ச எடத்துத் தூசியக் கூட கூட்டி அள்ளி டப்பாவுல போடணும். ஆசாரி கை கழுவுன தண்ணியக் கீழ ஊத்தப்படாது, அண்டாவுல சேக்கணும். அதுலயும் வெள்ளி அடியில நிக்கும். இதுக்கு யாரு சரியான ஆளுன்னு பேச்சு வந்தப்ப, ஊரே என் பேரச் சொல்லிச்சு. சும்மா சொல்லல. கத்திரிக்காயக் கூட ஒடச்சுப் பாத்து வாங்குற ஆளு நானு. கண்டக்டர் மிச்சம் குடுத்தா வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துத்தான் பையில போடுவேன். "வியாகப்பன் கண்ணுக்குத் தப்பி ஒரு குண்டுமணி போகாது"ன்னு சாமியாரே சொன்னாரு. சாவிய என் கையில குடுத்தாரு. வெள்ளி கொறஞ்சா அதுக்கு நான்தான் பொறுப்பு. அத ஞாபகம் வச்சுக்கிடுங்க.

கோயில் பக்கத்துல பழைய பள்ளிக்கூடக் கட்டடத்துல பட்டறை போட்டான். காலையில கோபுரத்துல கடிகார வேலை, மத்தியானத்துக்குப் பொறவு வெள்ளி வேலை. நான் ஒரு முக்காலியப் போட்டு எதுக்கவே உக்காந்தேன். கடைய அந்த நேரம் பிரகாசி பாத்துக்கிட்டா. பிரகாசிதான் என் பொண்டாட்டி.

மொத நாளே ஒண்ணக் கவனிச்சேன். பெட்டியத் தொறந்தான், உருவத்தையெல்லாம் அள்ளித் தராசுல போட்டான், எடைய எனக்குக் காட்டுனான், கும்பிட்டு வாங்கிக்கிட்டான். அம்புட்டுத்தான். ஒரு ஆசாரி வெள்ளி வாங்குனா என்ன செய்வான்? உரைகல்லுல ஒரு ஒரசு ஒரசிப் பாக்க மாட்டானா? இவன் பாக்கல. ஏன் பாக்கல? அன்னைக்கு ராத்திரி முழுக்க அதையே யோசிச்சேன். மாத்தி வைக்கப் போறவனுக்கு எதுக்கு ஒரசிப் பாக்கணும்? சரியா?

பொறவு அவன் தல. வேலை செஞ்சுக்கிட்டே இருப்பான், நடுநடுவுல கைய எடுத்துத் தலைய ஒரு கோது கோதுவான். நல்லா எண்ணெய் வச்ச தலை, அடர்த்தியா சுருட்டை முடி. அரத்துல ராவுன வெள்ளித் தூளு கையில ஒட்டியிருக்கும்ல? அது எங்க போகுது? முடிக்குள்ள போகுது. சாயங்காலம் வீட்டுக்குப் போயி தலை முழுகுனா என்ன ஆச்சு? நான் பிடிச்சிட்டேன். அன்னைக்கிலேந்து பட்டறைய விட்டு வெளிய போகும்போது ஒரு வெள்ளைத் துண்ட விரிச்சு, அதுல குனிஞ்சு தலைய உதறச் சொன்னேன். மொறச்சான். ஆனா உதறுனான். ரெண்டு மூணு நாள் உதறுனான். அப்புறம் ஒரு நாள் காலையில வாரான், தல மொட்டை. "இப்ப மனசுக்கு ஆறுதலா அண்ணாச்சி?"ங்கான்.

குத்தம் இல்லாதவன் எதுக்கு மொட்டை போடணும்? அதச் சொல்லுங்க.

தூக்குச்சட்டி, செருப்பு, வெத்தலப் பெட்டி எல்லாத்தையும் பாத்தேன். ஒண்ணும் சிக்கல. ஒண்ணும் சிக்கலன்னா என்ன அர்த்தம்? அம்புட்டு கெட்டிக்காரன்னு அர்த்தம்.

பிரகாசி வேற நடுவுல. அவன் சாப்பாட்டுக்கு முக்கு வரைக்கும் போயிட்டு வாரான்னு பாவப்பட்டு, நம்ம வீட்டுலேந்து சோறு குடுத்து விட ஆரம்பிச்சா. "பாவம், வேலை செய்யுற மனுசன்"னா. "வேலையா செய்யான்? எந்த வேலைன்னு எனக்கில்ல தெரியும்"னேன். "ஒங்களுக்கு யாரத்தான் நம்பிக்க?"ன்னு கேட்டா. அதையும் நான் மனசுல குறிச்சு வச்சேன். ஊரான் ஒருத்தனுக்கு வக்காலத்து எதுக்கு?

சரி. உருக்கு நாள் வந்துச்சு. மூசையில உருவத்தப் போட்டு உலையில வச்சு ஊதுனான். கண்ணு, காலு, கையி, தொட்டிலு எல்லாம் ஒண்ணாக் கெடந்துச்சு. நான் மூசைய விட்டுக் கண்ணெடுக்கல. பொக கண்ணுக்குள்ள போயி தண்ணியா ஊத்துது, அப்பவும் எடுக்கல. உருகுனத அச்சுல ஊத்துனான். பாளமாச்சு. ஆற வச்சு, பட்டறைக்கல்லுல வச்சு, சுத்தியால தட்ட ஆரம்பிச்சான். தகடா அடிக்கணும்ல.

நாலு தட்டு தட்டல. பாளம் ஓரத்துல வெடிச்சுது. காஞ்ச மண்ணு மாதிரி வெடிச்சுது.

அவன் மொகத்தப் பாக்கணுமே அண்ணாச்சி. சுத்திய வச்சுட்டு அந்தத் துண்டக் கையில எடுத்துப் பாத்தான், பல்லுல கடிச்சுப் பாத்தான், என்னப் பாத்தான். "இது முழுக்க வெள்ளி இல்ல. தகரம் கலந்திருக்கு. புடம் போட்டுப் பிரிச்சாத்தான் வேலைக்கு ஆகும். பிரிச்சா பாதி கூடத் தேறாது"ன்னான்.

எனக்கு ஒடம்பெல்லாம் குளுந்து போச்சு. சந்தோசத்துல. இதுக்குத்தான இத்தன நாளா முக்காலியில உக்காந்து இடுப்பு ஒடஞ்சது! பாதி தேறாதுன்னு முன்கூட்டியே சொல்லி வச்சுட்டு, பாதிய அடிக்கப் போறான். திட்டம் வெளிய வந்துருச்சு. ஆனா நான் ஒண்ணும் காட்டிக்கிடல. "செய்யும் வேய், நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்"னேன்.

அன்னைக்குச் சாயங்காலம் அவன் நேரா நம்ம கடைக்கு வந்தான். தொங்குற உருவத்தையெல்லாம் உத்துப் பாத்தான். "அண்ணாச்சி, ஒரு உருவம் தாங்க. பாத்துட்டுத் தாரேன்"னான். ஏன் கேக்கான்? இவனும் இதே மாதிரி அச்சு வெட்டி யாவாரம் ஆரம்பிக்கப் போறான்னு எனக்குத் தெரியாதாக்கும். குடுக்கல. "இது எங்க வாங்குறிய?"ன்னான். அதையும் சொல்லல. தொழில் ரகசியம்ல.

ஒங்ககிட்ட சொன்னா என்ன, நீங்க யாவாரி இல்லியே? இல்லல்ல? மதுரைப் பக்கத்து ஆளு ஒருத்தரு கொண்டாந்து குடுப்பாரு. மாமனாரு காலத்துல இங்க பக்கத்துலயே ஒரு ஆசாரி செஞ்சு குடுத்தான். அவன் வெலையக் கேட்டா மயக்கம் வரும். கடை என் கைக்கு வந்த ஒடனே அவன நிறுத்திட்டேன், கொள்ளைக்காரன். மதுரைக்காரரு அப்படி இல்ல. கைய நீட்டுனா அள்ளிக் குடுக்குற மனுசன். அவரு குடுக்குற வெலைக்கு எவனும் குடுக்க முடியாது. நல்ல வெள்ளையா, பளபளன்னு இருக்கும். நான் இந்த ஒலகத்துல கண்ண மூடிக்கிட்டு நம்புற ஒரே ஆளு அவருதான்.

கதைக்கு வாரேன். புடம் போட்டான். சொன்ன மாதிரியே வெள்ளி சுண்டிப்போச்சு. பாதி கூட நிக்கல. நான் கண்ணு கொட்டாமப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எங்க போச்சுன்னே தெரியல. என் முன்னாலேயே, என் கண்ணு முன்னாலேயே எடுத்திருக்கான். எப்படி எடுத்தான்? எங்க வச்சான்?

அப்பதான் எனக்குக் கோபுரம் ஞாபகம் வந்துச்சு. காலையில காலையில மேல ஏறுதானே, அங்க நான் கூடப் போகல. மூட்டுவலி, ஏணிப்படி ஏற முடியாது. ஆனா அன்னைக்கு ஏறுனேன். ஆசாரி சாமான் வாங்க கோட்டாத்துக்குப் போயிருந்தான். கடிகாரத்துக்குக் கீழ ரெண்டு பெரிய இரும்புக் கூடு தொங்குது. அந்தக் கனம் இழுத்துத்தான் கடிகாரம் ஓடுமாம். அதுக்குள்ள என்ன இருக்கும்? வெள்ளிய ஒளிச்சு வைக்க அதவிடத் தோதான எடம் உண்டா? மூடியத் தொறந்து உள்ள கெடந்த கட்டியெல்லாம் வெளிய எடுத்தேன். ஒவ்வொண்ணா சட்டையில தொடச்சுத் தொடச்சுப் பாத்தேன். ஈயம். எல்லாம் ஈயம். திரும்பி உள்ள போட்டேன். எல்லாத்தையும் போட்டனான்னு தெரியல. மூட்டு வலிக்கு, மேல வெயிலு வேற.

மறுநாளு மத்தியானம் கடிகாரம் நின்னு போச்சு. ஓட ஆரம்பிச்சு ஒரு வாரம்தான் ஆயிருந்துச்சு. ஊரெல்லாம் ஆசாரியத் திட்டுச்சு. அவன் மேல ஏறிப் போயி, ரொம்ப நேரங் கழிச்சு எறங்கி வந்து என்னையே பாத்தான். நான் பதிலுக்குப் பாத்தேன். அவன் ஒண்ணும் கேக்கல, நானும் ஒண்ணும் சொல்லல. கேக்காதவன்கிட்ட நான் எதுக்குச் சொல்லணும்?

அந்த ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்ச ஒடனே கோயில் முத்தத்துல வச்சு சத்தமாவே கேட்டுட்டேன். ஊரு மொத்தமும் நிக்கி. "சாமி, அன்னம்மாளுக்கு ஏழை பாழைங்க குடுத்த வெள்ளியில பாதியக் காணோம். சாவி என்கிட்ட, ஆளு அவன். வெள்ளி எங்க போச்சுன்னு ஆசாரி சொல்லட்டும்"னேன். கூட்டம் கொதிச்சுப் போச்சு. கண்ணுக்கு நேந்தவ, காலுக்கு நேந்தவன், எல்லாரும் கத்துதாக. நாலு எளவட்டம் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டான். சாமியாரு நடுவுல வந்து நின்னாரு.

ஆசாரி முன்னால வந்தான். மொட்டத் தலையில வேர்வ நிக்கி. பயந்தவன் மாதிரித் தெரியல, கோவமாத்தான் இருந்தான். "சாமி, எம்பேர்லயும் தப்பு இருக்கு. கோயில் பொருள ஒரசிப் பாத்து வாங்குற வழக்கம் எங்க குடும்பத்துல இல்ல. சாமிக்குக் குடுத்தத நாம சந்தேகப்படக் கூடாதும்பாரு எங்கப்பா. அதனால கும்பிட்டு வாங்கிட்டேன். வாங்கியிருக்கக் கூடாது. இப்ப ஒரு இரும்புக் கரண்டி தாங்க"ன்னான்.

டீக்கடையிலேந்து ஒருத்தன் கரண்டியும் கரி அடுப்பும் தூக்கியாந்தான். "அந்தக் கடையிலேந்து ஏதாவது ஒரு உருவம் எடுத்துத் தாங்க. நான் தொடல, நீங்களே எடுங்க"ன்னான் சாமியாருகிட்ட. சாமியாரு போயி, கையில பட்டத எடுத்துட்டு வந்தாரு. ஒரு தொட்டில்.

"இன்னும் ஒண்ணு வேணும். சுத்த வெள்ளின்னு நிச்சயமாத் தெரிஞ்ச பொருளு. யாருகிட்ட இருக்கு?"

ஒருத்தரும் அசையல. பொம்பளைக கொலுச சேலைக்குள்ள இழுத்துக்கிட்டாக. பின்ன, திருடன்கிட்ட யாரு குடுப்பா? அப்ப கூட்டத்த வெலக்கிக்கிட்டுப் பிரகாசி வந்தா. நான் திகைச்சுப் போனேன். அவ கோயில் முத்தத்த மிதிச்சே பல வருசம் ஆச்சு. வாசல்ல கடையில உக்காந்திருப்பா, பூசை மணி அடிக்கும், எழுந்திரிக்க மாட்டா. அவ குனிஞ்சு ஒத்தக் கால் கொலுசக் கழட்டுனா. அவ அப்பா கல்யாணத்துக்குப் போட்டது. "இது வெள்ளி. எங்கப்பா செஞ்சு போட்டது"ன்னு நீட்டுனா. நான் "ஏட்டீ"ன்னு ஒரு அதட்டு போட்டேன். காதுலயே வாங்கல.

ஆசாரி அந்தக் கொலுசையும் தொட்டிலையும் ஒரே கரண்டியில பக்கத்துல பக்கத்துல வச்சு, அடுப்புல காட்டுனான். ஊதக் கூட இல்ல. கொஞ்ச நேரந்தான். தொட்டில் ஓரம் மழுங்குச்சு. அப்புறம் வெண்ணெ மாதிரி அப்படியே உக்காந்து ஓடிருச்சு. கரண்டிக் குழிக்குள்ள சாம்பக் கலர்ல தண்ணி. கொலுசு அதுக்கு நடுவுல ஒரு முத்துக் கூட நெளியாமக் கெடக்கு.

"தகரம்"னான் ஆசாரி. "வெள்ளி உருகணும்னா நான் இன்னும் எவ்வளவு நேரம் ஊதணும்னு ஒங்க ஊரு ஆசாரி யாரையாவது கேட்டுக்கிடுங்க. பெட்டியில பழைய உருவமெல்லாம் வெள்ளி. அதுதான் தேறுனது. மிச்சமெல்லாம் இதுதான்."

கரண்டியில முன்னாலேயே ஏதோ மருந்து தடவியிருக்கான் அண்ணாச்சி. நான் அதச் சொன்னேன். அங்கேயே சத்தம் போட்டுச் சொன்னேன். யாரும் கேக்கல. எல்லாரும் கடையப் பாக்காக. கடையப் பாத்துட்டு என்னப் பாக்காக. கண்ணு தெரியாத புருசன வருசா வருசம் கையப் பிடிச்சுக் கூட்டியாந்து நம்மகிட்ட கண்ணு வாங்கிப் போடுவா ஒருத்தி, சவரியம்மான்னு பேரு. அவ மொகத்த என்னால பாக்க முடியல. எனக்கென்ன தெரியும்? நான் என்ன உருக்கியா பாத்தேன்? வெள்ளின்னு குடுத்தான், வெள்ளின்னு வித்தேன்!

பிரகாசி மட்டும் கடையப் பாக்கல, என்னப் பாக்கல. கரண்டியையே பாத்துக்கிட்டு நிக்கா. அப்புறம் மெதுவாக் கேட்டா, "ஆசாரி, பெட்டியில கெடந்த தொட்டில் எல்லாம் இப்படித்தானா?"

அவன் கொலுச இடுக்கியால எடுத்து, தண்ணியில போட்டு, தேச்சு, தன் துண்டால தொடச்சு அவ கையில குடுத்தான். குடுக்கும்போது தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

எங்களுக்குப் புள்ள இல்ல அண்ணாச்சி. சொல்லலியே ஒங்ககிட்ட. இல்ல. கல்யாணமான மறுவருசத்துலேந்து ஒவ்வொரு திருவிழாவுக்கும் அவ ஒரு தொட்டில் போடுவா. வெளிய போயா வாங்கணும், நம்ம கடையே இருக்கு. நான்தான் எடுத்துக் குடுப்பேன். சும்மா எடுக்க மாட்டேன், இருக்கதுலயே நல்ல பளபளன்னு இருக்கதாப் பாத்து எடுப்பேன். அவளுக்குன்னா எனக்கு மனசு கேக்காது. அவ அதக் கண்ணுல ஒத்திக்கிட்டு, ஒருவேளைச் சோத்தோட ஒருசந்தி இருந்து, முழங்கால்ல நடந்து போயி பெட்டியில போடுவா. ஒண்ணும் நடக்கல. ஒரு வருசம் திரும்பி வந்தவ, "இனிமே நான் போகல. அன்னம்மா எல்லாருக்கும் குடுக்கா, எனக்கு மட்டும் கையடைச்சுட்டா. அவளுக்கும் எனக்கும் இனி ஒண்ணும் இல்ல"ன்னுட்டா. அன்னைக்கிலேந்து உள்ள போகல. நான்கூட ஆறுதல் சொன்னேன். "அன்னம்மாளுக்கு நம்ம மேல கண்ணு இல்ல புள்ள, விடு"ன்னேன்.

அப்படிப்பட்டவ, கொலுசக் கையில பிடிச்சுக்கிட்டு நேராக் கோயிலுக்குள்ள போனா. சனம் வழி விட்டுச்சு. நான் பின்னாலேயே போனேன். எதுக்குப் போறான்னு பாக்கணும்ல. பீடத்துக்குக் கீழ முழங்கால் போட்டா. சத்தமில்லாம அழுவான்னு பாத்தா, நல்லா வாய் விட்டே பேசுனா. வீட்டுக் கூடத்துல உக்காந்திருக்க ஆளுகிட்ட பேசுற மாதிரிப் பேசுனா.

"அம்மா, ஒனக்கு நான் ஒண்ணுமே குடுக்கல. குடுக்காமலேயே இத்தன வருசம் ஒங்கிட்ட கோவிச்சுக்கிட்டு இருந்துட்டேன். என்ன மன்னிச்சிரு"ன்னா.

அம்புட்டுத்தான். கொலுச அங்கேயே பீடத்துல வச்சா. இன்னொரு காலுல கெடந்ததையும் கழட்டி வச்சா. எழுந்து வந்தா. நான் வாசல்ல நிக்கேன். வாசல் அகலமானதுதான், ஆனா நான் நடுவுல நின்னா என்ன ஒட்டித்தான போகணும். போனா. வீட்டுக்குப் போயி ரெண்டு சேலைய எடுத்து ஒரு பையில வச்சுக்கிட்டு, அன்னைக்கு மத்தியான பஸ்சுல தோவாளைக்குப் போயிட்டா.

ஆசாரி கிரீடம் செஞ்சு குடுத்துட்டுத்தான் போனான். சின்னக் கிரீடந்தான், கெடச்ச வெள்ளிக்கு. கூலிய ஒரு காசு கொறைக்காம வாங்கிக்கிட்டான், நல்லாத் தெரியும். கடிகாரமும் ஓடுது. கடை பூட்டிக் கெடக்கு. சாமியாரு வேற ஆளுக்குக் குடுக்கப் போறாராம்.

கடை போகட்டும். கடையா பெருசு? வீட்டுக்குள்ள நொழைஞ்சா பயமா இருக்கு அண்ணாச்சி. சோத்துப் பானை கவுந்து கெடக்கு. அவ பேச மாட்டா அதிகமா, ஆனா இருப்பா. இப்ப இல்ல. ராத்திரி எழுந்து கதவு சாத்தியிருக்கான்னு பாக்கேன், வந்து படுக்கேன். திருட என்ன இருக்கு? ஆனாலும் பாக்கேன்.

அவ என்னத் திட்டியிருக்கலாம். சட்டையப் பிடிச்சுக் கேட்டிருக்கலாம், "தெரிஞ்சே குடுத்தியா?"ன்னு. ஊருல எல்லாரும் அதத்தான கேக்கான். அவளும் கேட்டிருந்தா, நான் பதில் சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியாது புள்ள, அன்னம்மாள் மேல சத்தியமாத் தெரியாதுன்னு சொல்லியிருப்பேன். சந்தேகப்பட்டாத்தான அண்ணாச்சி பதில் சொல்ல முடியும்? அவ என்ன ஒட்டிப் போனப்ப மொகத்தப் பாத்தேன். சந்தேகமே இல்ல. ஒரு துளி இல்ல, முடிவு பண்ணிட்ட மொகம். எனக்கு சந்தேகம்னா என்னன்னு தெரியும், அது இருந்திருந்தா நான் பிடிச்சிருப்பேன்.

ஆரல்வாய்மொழி தாண்டியாச்சா? அப்ப அடுத்தது நம்ம எடம்தான். கண்டக்டர்கிட்ட சொல்லணும், இல்லேன்னா நிறுத்தாமப் போயிருவான்.

என்ன சொல்லணும்னு எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன். மொதல்ல எதச் சொல்லணும், பொறவு எதச் சொல்லணும்னு பஸ்சு ஏறுனதுலேந்து அதான் ஓடுது மனசுல. அவ கேட்டா சொல்லிருவேன்.

கேக்கணுமே.